பால்குடம் "பாழ்குடம்" ஆயிடுச்சு! ஈய எழுத்துக் காலத்துல எப்படி ப்ரூஃப் பார்த்தாங்க?

ரோஸ்ஹில்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸ்ல ரோஸ் ஹில்ல இருந்து எழுதுறேன். தமிழ் ஸ்கூல்லயும் கோவில் மாலை வகுப்புலயும் படிச்சது, அப்புறம் சென்னையில நாலு வருஷம் காலேஜ், அவ்ளோதான் என் தமிழ், அதனால தப்பு இருந்தா மண்ணிச்சுக்கோங்க.

விஷயம் என்னன்னா இந்த வருஷம் தைப்பூசக் காவடிக்கு எங்க கோவில் நோட்டீஸ்ல தமிழ் பக்கத்தை நான் பார்த்துக்கறேன்னு வாய்விட்டுட்டேன். ஃபிரெஞ்சு பக்கம் வேற ஒருத்தர். நான் போன்லயே டைப் பண்ணி வாட்ஸ்ஆப்ல பிரஸ்ஸுக்கு அனுப்பினேன், அங்க தமிழ் தெரிஞ்ச ஆளு யாரும் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு ப்ரூஃப் படம் வந்துச்சு, தூக்கக் கலக்கத்துல தேதி, நேரம், ஊர்வலம் எந்தத் தெரு வழியா போகுதுன்னு மட்டும் பார்த்துட்டு "ஓகே"ன்னு போட்டுட்டேன். பிரஸ்காரங்களைக் குத்தம் சொல்ல முடியாது, முழுக்க என் தப்பு.

600 காப்பி வந்துச்சு. "பால்குடம்" இருக்க வேண்டிய இடத்துல "பாழ்குடம்". விரதம் முடிஞ்சு வாழை இலையில போடற நம்ம ஏழு கறி இருக்கே, அது "ஏழு கரி". அறங்காவலர் எல்லாரும் "அரங்காவலர்" ஆயிட்டாங்க. தலைப்புல "கோவில்"ல இரட்டைக்கொம்பு க-வுக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நின்னு, நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வேற.

இதுல எனக்கு ரொம்ப வலிச்சது எதுன்னா, மூணு நாள் அந்த நோட்டீஸ் ஊரெல்லாம் சுத்தியிருக்கு, ஒருத்தர் கூட எதுவும் சொல்லல. கொடியேத்தம் அன்னிக்கு வந்த என் பெரியம்மா (80 தாண்டிட்டாங்க) கண்ணாடி மாட்டி மெதுவா படிச்சுட்டு, "ஏண்டா, பாழாப்போன குடத்தையா தலையில தூக்கச் சொல்றே, அப்புறம் ஏழு கரி எதுக்கு, அடுப்புக்கா வயித்துக்கா"ன்னு கேட்டாங்க. தரையில புதைஞ்சுடலாம் போல இருந்துச்சு.

இப்ப கேள்வி. அடுத்த வருஷம் எங்க கோவில்ல பழைய பாட்டுப் புத்தகம் ஒண்ணை மறுபடி டைப் பண்ணி அச்சடிக்கப் போறோம். ஒவ்வொரு எழுத்தா கையால பொறுக்கி அடுக்கின காலத்துல இதையெல்லாம் எப்படித் தடுத்தாங்க? தடுத்தாங்களா முதல்ல? தமிழ் நல்லா படிக்கத் தெரிஞ்சவங்க கமிட்டியில மூணு பேர்தான், அதை வெச்சு நாங்க என்ன பண்ணலாம்?

மோக்கா டீச்சர்:

தம்பி, உங்க பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

நான் 20 வருஷத்துக்கு மேல இங்க தமிழ் சொல்லிக்குடுக்கறேன். நம்ம பிள்ளைங்க வீட்ல பேசறது கிரியோல், அதுல ழ-வும் இல்ல, ள-வும் இல்ல, ரெண்டு ர-வும் இல்ல. பால், பாழ், பாள் மூணும் ஒரே சத்தம்தான் அவங்க வாயில. அதனால நாளைக்கு யாராவது வந்து "ஒருத்தர் சத்தமா படிக்கட்டும், இன்னொருத்தர் சரிபார்க்கட்டும்"னு சொன்னா அப்படியே எடுத்துக்காதீங்க, இந்த ஊர்ல அது பலிக்காது. படிக்கிறவரும் "பால்"னுதான் படிப்பாரு, கேட்கறவரும் பேப்பர்ல "பாழ்" இருக்கறதைப் பார்த்து தலையாட்டுவாரு. நான் கிளாஸ்ல பல்-ல, பள்ளி-ள, பழம்-ழன்னு எழுத்துக்கே பேர் வெச்சிருக்கேன். சந்தேகமான வார்த்தைன்னா அந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லணும்.

ஜெட்_லேக்_ராஜா:

இவ்ளோ பேச்சு எதுக்கு ப்ரோ? ஸ்பெல்செக் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. ஈய எழுத்துக் காலத்துக்கு எதுக்குப் போகணும்

பழைய கம்பாசிட்டர்:

ராஜா தம்பி, பாழ்ங்கறதும் சரியான வார்த்தை, கரிங்கறதும் சரியான வார்த்தை. உங்க ஸ்பெல்செக் ரெண்டையும் சலாம் போட்டு உள்ள விட்டுரும். அங்க என்ன இருக்கணும்னு தெரிஞ்ச ஆளுதான் அதைப் புடிக்க முடியும்.

ரோஸ்ஹில் தம்பி, நான் மதுரைக்காரன். 1974ல இருந்து ஒரு பதினேழு வருஷம் அச்சாபீஸ்ல கம்பாசிட்டர், இப்போ மகளோட காத்ர போர்ன்ல இருக்கேன். நீங்க கேட்டதுக்குக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க, இதெல்லாம் கேக்க ஆளே இல்ல இப்போ.

எழுத்தெல்லாம் கேஸ்ல அறை அறையா கிடக்கும். தமிழ்ல 247 எழுத்துன்னு சொன்னாலும் அத்தனை அறை கிடையாது, கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் இதெல்லாம் தனித்தனியா இருக்கும், பக்கத்துல சேர்த்துக்கலாம். ஆனா கு கூ மு மூ மாதிரி உகர வரிசையெல்லாம் ஒவ்வொண்ணும் தனி வார்ப்பு. இடது கையில ஸ்டிக்குன்னு ஒரு சின்ன தட்டு, வலது கையால பொறுக்கி அதுல அடுக்கணும். எழுத்து கண்ணாடியில பார்க்கற மாதிரி திரும்பி இருக்கும், அதனால வரியைத் தலைகீழா வெச்சு இடமிருந்து வலமா படிப்போம். மூணு மாசத்துல அது பழகிரும், அப்புறம் நேரா இருக்கற எழுத்தைப் படிக்கத்தான் ஒரு நிமிஷம் யோசிக்கணும்! ஸ்டிக் நெறைஞ்சா காலிங்கற நீளத் தட்டுக்கு மாத்தி, கயிறு கட்டி, மையைத் தடவி ஒரு ப்ரூஃப் எடுப்போம்.

தப்பு எங்கிருந்து வரும்னா பாதிக்கு மேல கம்போஸ் பண்ணும்போது இல்ல. அச்சடிச்சு முடிச்ச மேட்டரைப் பிரிச்சு எழுத்தைத் திரும்ப அந்தந்த அறையில போடணும், அந்த வேலையை எப்பவும் புதுசா சேர்ந்த சின்னப் பையன்கிட்டதான் தள்ளுவாங்க. அவன் ஒரு கை ல-வைக் கொண்டுபோய் ள அறையில கொட்டிட்டான்னா, மறுநாள் நான் கண்ணை மூடிட்டு ள எடுத்தேன்னு நெனப்பேன், வந்து உக்காந்திருக்கறது ல. அப்படித்தான் ஒரு பள்ளிக்கூட மலருக்கு அட்டையில "வெல்லி விழா"ன்னு போயிருச்சு. உள்ள 120 பக்கமும் சுத்தம், அட்டையில கட்டை எழுத்துல தப்பு. எங்க ப்ரூஃப் ரீடர் ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார், அன்னிக்கு முழுக்க யாருகிட்டயும் பேசல. அதுக்கப்புறம் அவரு வெச்ச சட்டம், பெரிய எழுத்தைத்தான் மொதல்ல பாக்கணும். சின்ன எழுத்தை எல்லாரும் குனிஞ்சு பார்ப்பான், தலைப்பை ஒருத்தனும் பார்க்க மாட்டான். உங்க "கோவில்" கொம்பும் தலைப்புலதானே போச்சு?

அவரு படிக்கறது எப்படின்னா போஸ்ட்கார்டு ஒண்ணை வெச்சு மறைச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா இறக்குவாரு. அர்த்தத்துக்காக படிக்க மாட்டாரு, அர்த்தம் புரிய ஆரம்பிச்சுட்டா கண்ணு தானா திருத்திக்கிட்டு ஓடிரும். பையன் ஒருத்தன் கையெழுத்துப் பிரதியைப் படிப்பான், டீச்சரம்மா சொன்ன மாதிரியே "ரெண்டு சுழி ன, மூணு சுழி ண, சின்ன ர, பெரிய ற"ன்னு எழுத்துப் பேரோடதான் படிக்கணும். மதுரையிலேயே அப்படின்னா மொரீஷியஸ்ல கேக்கவே வேணாம். இன்னொண்ணு, திருத்தின வரியை மட்டும் பார்த்துட்டு விடக்கூடாது, மேல் வரி கீழ் வரி ரெண்டையும் சேர்த்துப் பாக்கணும், ஏன்னா ஒரு எழுத்தைப் புடுங்கி இன்னொண்ணு சொருகும்போது பக்கத்துல ஒண்ணு நழுவி விழுந்திருக்கும். கம்ப்யூட்டர்லயும் அதே கதைதான்னு மக சொல்றா.

பழைய பாட்டுப் புத்தகம்னு சொன்னீங்களே, அது 1978க்கு முந்தினதா? அப்படின்னா ஜாக்கிரதை. அந்த வருஷம்தான் தமிழ்நாட்டு அரசு பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தை எடுத்துக்கிச்சு. அதுக்கு முன்னாடி லை, ளை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல ஒரு வளைவோட இருக்கும், ணா, றா, னா எல்லாம் கால் இல்லாம சுழிச்சு ஒட்டியிருக்கும். தெரியாதவங்க வேற ஏதோ எழுத்துன்னு நெனச்சு இஷ்டத்துக்கு டைப் பண்ணிருவாங்க.

மோக்கா டீச்சர்:

ஐயா சொன்ன பழைய எழுத்து விஷயத்துல இன்னும் பின்னாடி போனா சிக்கல் பெருசு. ஓலையில புள்ளி வைக்க மாட்டாங்க, ஓலை கிழிஞ்சுடும்னு. எ-வும் ஏ-வும் ஒரே மாதிரி, ஒ-வும் ஓ-வும் ஒரே மாதிரி, அதைப் பிரிச்சுக் காட்டினது 18ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர்தான். காலும் ர-வும் வேற ஒரே வடிவம். "சரபம்"னு இருந்தா "சாபம்"னு படிக்கலாம், சாபத்தை சரபம்னும் படிக்கலாம், உ.வே.சா. இந்தக் குழப்பத்தையே சொல்லியிருக்கார். அவர் 1887ல சீவக சிந்தாமணி கொண்டு வந்தப்போ ஒரே பாட்டுக்கு ஏடு ஏடா ஒப்பிட்டுப் பார்த்து எது சரின்னு முடிவு பண்ணித்தான் அச்சுக்குக் குடுக்கணும். அப்போ ப்ரூஃப் பார்க்கறது அச்சாபீஸ்ல ஆரம்பிக்கல, அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிடுது. 1812ல திருக்குறள் முதல்முறையா அச்சுல வந்ததுல இருந்தே இந்தக் கவலைதான். ஆறுமுக நாவலர் 1849ல சென்னையில அச்சு மெஷின் வாங்கி யாழ்ப்பாணம் கொண்டு போனவர், அவர் காலத்துப் புத்தக முகப்புல "பரிசோதித்து"ன்னு போடுவாங்க, சரிபார்த்ததுன்னு அர்த்தம்.

உங்க பாட்டுப் புத்தகத்துக்கும் இன்னொரு காப்பி எந்த வீட்லயாவது கிடைக்குதான்னு தேடுங்க. மூலத்துலயே தப்பு இருந்தா நீங்க எவ்ளோ சரியா டைப் பண்ணியும் என்ன லாபம்.

பெட்டிக்கடை வாசகன்:

கெட்ட பைபிள் கதை தெரியுமா யாருக்காவது? 1631ல லண்டன்ல அச்சடிச்ச பைபிள்ல பத்துக் கட்டளையில ஒரே ஒரு "நாட்" விட்டுப்போச்சு, "விபசாரம் செய்வாயாக"ன்னு ஆயிடுச்சு. ராஜாவோட அச்சகக்காரங்களுக்கு 300 பவுண்டு அபராதம், லைசென்ஸும் போச்சு. தமிழ்ல இன்னும் மோசம், இல்லைங்கறதுக்குத் தனி வார்த்தையே வேணாம், எழுத்துலயே ஒளிஞ்சிருக்கும். "செருப்போடு உள்ளே வராதீர்"ங்கற போர்டுல ஒரு எழுத்து விழுந்து கால் இடம் மாறினா "வாரீர்" 😂

தபால்தலைப் பைத்தியம்:

மொரீஷியஸ்ல இருந்துகிட்டு அச்சுப்பிழை பேசறோம், யாரும் நம்ம நீல பென்னி தபால்தலையைப் பத்தி வாயே திறக்கலையே!

இங்க டூரிஸ்ட் கைடு எல்லாரும் சொல்ற கதை இது. 1847ல ஜோசப் பார்னார்டுங்கற செதுக்கற ஆளு "போஸ்ட் பெய்ட்"னு எழுதறதுக்குப் பதிலா மறந்துபோய் "போஸ்ட் ஆஃபீஸ்"னு செதுக்கிட்டாரு, போஸ்ட் ஆஃபீஸ் கட்டடத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்து அப்படியே எழுதிட்டாருன்னு. நானும் சின்ன வயசுல நம்பினேன். அது கட்டுக்கதை. அவருக்குக் குடுத்த உத்தரவே அப்படித்தான், அந்தக் காலத்து முத்திரையிலயும் "மொரீஷியஸ் போஸ்ட் ஆஃபீஸ்"னுதான் இருந்துச்சு. ஒரு பென்னி 500, ரெண்டு பென்ஸ் 500, அவ்ளோதான் அடிச்சது, இப்போ உலகத்துல மிச்சம் 27. போர்ட் லூயிஸ் கோதான்ல இருக்கற புளூ பென்னி மியூசியத்துல ரெண்டும் இருக்கு, மங்கிடும்னு மணிக்கு சில நிமிஷம்தான் ஒரிஜினலுக்கு வெளக்கு போடுவாங்க, மத்த நேரம் நகல்தான். நேரம் பார்த்துப் போங்க.

நிஜமான தப்பு அடுத்த வருஷம்தான் வந்துச்சு, அதை எந்த கைடும் சொல்றதில்ல. 1848ல வந்த "போஸ்ட் பெய்ட்" தகட்டுல 12 தபால்தலையையும் அவரு ஒவ்வொண்ணா கையால செதுக்கினாரு, அதனால ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ரெண்டு பென்ஸ் தகட்டுல ஏழாவது தலையில மட்டும் "பென்ஸ்"ங்கற வார்த்தையில சி-க்குப் பதிலா ஓ. எழுத்தைத் திருப்பி செதுக்கும்போது சி-யோட வாய் மூடிடுச்சு போல. தகடு தேயற வரைக்கும் அதுலயே அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, ஒவ்வொரு ஷீட்லயும் அந்த ஏழாவது தப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு. தப்பே இல்லாததுக்குத் தப்புன்னு பேர், தப்பா வந்தது யாருக்கும் தெரியாது. இந்தத் தீவுக்கு அச்சு மெஷின் வந்தது 1768ல, அப்பலேர்ந்தே நமக்கு இந்த ராசி போல.

அப்புறம் 1998 ரூபா நோட்டை மறந்துட்டீங்களா? எழுத்துப் பிழையே இல்ல, ஆனா தமிழை இந்திக்குக் கீழ இறக்கிட்டாங்க. தமிழ் ஜனங்க கொதிச்சு எழுந்து, அந்த நோட்டையே வாபஸ் வாங்கி 1999ல தமிழைப் பழைய இடத்துல வெச்சுப் புதுசா அடிச்சாங்க. வரிசையும் ப்ரூஃப்ல பாக்க வேண்டியதுதான்.

டர்பன் தங்கச்சி:

டர்பன்ல இருந்து வணக்கம் அண்ணா. உங்க பிரச்சினை எங்க ஊர்லயும் அப்படியே இருக்கு, பழசும் கூட. காந்தி "இந்தியன் ஒப்பீனியன்" பேப்பர் 1903 ஜூன்ல டர்பன்ல ஆரம்பிச்சப்போ நாலு மொழி, இங்கிலீஷ், குஜராத்தி, இந்தி, தமிழ். அடுத்த வருஷக் கடைசியில பிரஸ்ஸை ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாத்தினாங்க. முதல் ராத்திரியே எஞ்சின் ஓடல, ஆளுங்க கையால சக்கரம் சுத்திதான் பேப்பர் வெளிய வந்துச்சு. பண்ணையில இருந்த எல்லாரும் அச்சுக் கோக்கக் கத்துக்கிட்டாங்க, காந்தி உட்பட. ஆனா 1906ல தமிழையும் இந்தியையும் நிறுத்திட்டாங்க. காரணம் என்னன்னா பண்ணையில வந்து தங்கி எழுதறதுக்கு ஆள் கிடைக்கல, இருக்கறவங்க எழுதறதைச் சரிபார்க்கவும் வழியில்லன்னு காந்தியே பின்னாடி எழுதியிருக்கார். மெஷின் இருந்துச்சு, ஈயம் இருந்துச்சு, படிச்சுப் பார்க்க ஆள் இல்லாமத்தான் தமிழ் நின்னுச்சு. 600 பேர் கையில நோட்டீஸ் போயும் ஒருத்தரும் கேக்கலன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

பழைய கம்பாசிட்டர்:

தங்கச்சி சொன்னது நெசம். அச்சுக் கோக்கறவனுக்கு பாஷை தெரியணும்னு அவசியமே இல்ல. தரங்கம்பாடிக்கு 1713ல தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினது ஜெர்மனியில ஹாலே ஊர்ல, செதுக்கினவங்களுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது, மாதிரியைப் பார்த்து படம் வரையற மாதிரி வரைஞ்சு செதுக்கினாங்க. எழுத்து ரொம்பப் பெருசா போச்சு, பேப்பரை முழுங்குச்சு, அதனால இங்கயே சின்னதா வார்த்துக்கிட்டாங்க, பொறையாறுல காகித ஆலை கூட வெச்சாங்க. அப்படியும் 1715க்குள்ள புதிய ஏற்பாடு முழுசும் தமிழ்ல வந்துருச்சு, ஏன்னா அங்க பாதிரியார் சீகன்பால்க்கும் அவரோட தமிழ் ஆளுங்களும் உக்காந்து படிச்சுப் பார்த்தாங்க. உங்க ரோஸ் ஹில் பிரஸ்காரருக்கும் தமிழ் தெரிய வேணாம் தம்பி. உங்களுக்குத் தெரிஞ்சா போதும், ஆனா ராத்திரி பதினோரு மணிக்குப் பார்க்கக் கூடாது.

கொம்பு விஷயம் மக சொல்றதை அப்படியே எழுதறேன். நாங்க கையால கோக்கும்போது கொம்பை மொதல்ல வெச்சுட்டுத்தான் க வைப்போம், கண்ணு பார்க்கற வரிசை. யூனிகோடுல க மொதல்ல, கொம்பு பின்னாடி, திரையில காட்டும்போது சாஃப்ட்வேர்தான் முன்னாடி தூக்கி வைக்கணுமாம். இன்டிசைன்னா பேராகிராஃப் செட்டிங்ல "வேர்ல்ட் ரெடி கம்போசர்"னு இருக்கறதைப் போடச் சொல்லணுமாம். உங்க பிரஸ்காரரு அதைப் போடாம விட்டிருக்காரு, அதான் வட்டம் வந்துருக்கு. நீங்களே சரியான பி.டி.எஃப் ஆக்கி, ஃபாண்ட்டை உள்ள பதிச்சு குடுத்துட்டா இன்னும் நல்லது. போன்ல ப்ரூஃப் பார்க்காதீங்க, காகிதத்துல அடிச்சு வாங்குங்க, அவன் காசு கேட்டாலும் குடுங்க.

ரோஸ்ஹில்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பார்க்கல. இன்னிக்கு பிரஸ்ஸுக்குப் போய் அந்த கம்போசர் செட்டிங்கைக் காட்டினேன், ஒரு கிளிக்தான், கொம்பு தானா ஓடி முன்னாடி வந்து நின்னுச்சு, அவரே "ஆயோ"ன்னு தலையில கை வெச்சுக்கிட்டாரு. பாட்டுப் புத்தகம் 1950கள்ல அடிச்சது, தும்பிக்கை எழுத்து நிறைய இருக்கு. இன்னொரு காப்பி பெரியம்மா பெட்டியிலயே இருந்துச்சு! வாரத்துல ரெண்டு சாயங்காலம் வந்து உக்காந்து எழுத்துப் பேரோட படிக்கறேன்னு ஒத்துக்கிட்டாங்க, நான் கார்டு வெச்சு வரி வரியா பாக்கணும். ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. மிச்சம் இருக்கற 40 நோட்டீஸைத் தூக்கிப் போடக் கூடாதாம், பேரப்பிள்ளைங்களுக்கு ழ சொல்லிக்குடுக்க வேணுமாம்.

பழைய கம்பாசிட்டர்:

நல்லது தம்பி. பாட்டுப் புத்தகத்தோட நாலு பக்கத்தைப் படம் எடுத்து இங்க போடுங்க, பழைய எழுத்துல சந்தேகம்னா நான் பாத்துச் சொல்றேன்.

அப்புறம் உங்க மொத போஸ்ட்ல முதல் பாராவோட கடைசி வார்த்தை. மன்னிக்கறதுக்கு ரெண்டு சுழி. நீங்க போட்டிருக்கறது மூணு. இத்தனை பேரு வந்து போயிருக்கோம், டீச்சரம்மா உட்பட.

மோக்கா டீச்சர்:

ஐயோ 🙈